குழாயில் கேட்காத குரல்கள்

பாவூர்சத்திரத்தில் எந்த டீக்கடையிலாவது போய் "பழைய பாட்டு போடுங்க அண்ணாச்சி" என்று சொல்லிப் பாருங்கள். இளையராஜாதான் வருவார். தப்பு சொல்ல முடியாது, 1980இல் வந்த பாட்டுக்கு இன்றைக்கு நாற்பது வயசுக்கு மேல் ஆகிறது. எங்கள் சின்ன வயசில் அதே கடைகளில் பழைய பாட்டு என்றால் ஏ.எம்.ராஜா, ஜிக்கி, பி.பி.ஸ்ரீனிவாஸ், சுசீலா. அதற்கும் முந்தின தலைமுறைக்கு ராஜாவே புதுசு. "இதெல்லாம் ஒரு பாட்டாடே? கிட்டப்பா பாடுனான் பாரு, அது பாட்டு" என்று சொல்லும் பெருசுகளை நான் பார்த்திருக்கிறேன். ஆக, பழைய பாட்டு என்பதன் எல்லைக்கல் இருபது வருஷத்துக்கு ஒரு தடவை நகர்ந்துகொண்டே இருக்கிறது.

நகராமல் நிற்பது ஒரே ஒரு வசனம்தான்: "அந்தக் காலத்துல பாட்டு எவ்வளவு மென்மை, இப்ப ஒரே இரைச்சல்." இந்தச் சுற்றுவட்டாரத்தில் பழைய மைக் செட்காரர்கள், கேசட் கடை வைத்திருந்தவர்கள், வீட்டில் ரேடியோ கேட்டவர்கள் என்று சில வருஷமாகப் பலரிடம் பேசிக் குறிப்பு எடுத்து வருகிறேன். எடுக்க எடுக்க அந்த வசனத்தின் மேல் எனக்குச் சந்தேகம்தான் கூடியது. மென்மையான குரல்கள் இருந்தது நிஜம். ஊர் அதைக் கேட்டதா, எங்கே கேட்டது, யார் கேட்டது என்பது வேறு கதை.

கிட்டப்பாவிலிருந்து ஆரம்பிக்கிறேன், அவர் நமக்குப் பக்கத்து ஊர்க்காரர். பாவூர்சத்திரத்திலிருந்து மேற்கே தென்காசி, அதைத் தாண்டினால் செங்கோட்டை, மொத்தம் இருபது கிலோமீட்டர் சொச்சம். எஸ்.ஜி.கிட்டப்பா 1906இல் அங்கே பிறந்தபோது செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956 நவம்பரில்தான் நம்ம பக்கம் சேர்ந்தது. அவர் வாழ்ந்தது இருபத்தேழு வருஷம். 1933இல் போய்விட்டார். அவரும் கே.பி.சுந்தராம்பாளும் சந்தித்ததுகூட இலங்கையில் நாடகம் போடப் போன இடத்தில்தான். நாடகக் கொட்டகையில் மைக் கிடையாது. காலால் மிதிக்கும் ஆர்மோனியம், பக்கத்தில் மிருதங்கம், எதிரே தரையிலும் பெஞ்சிலும் ஆயிரக்கணக்கில் ஜனம். கடைசி வரிசைக்காரனும் காசு கொடுத்துத்தானே வந்திருக்கிறான். அவன் காதில் விழவேண்டும் என்றால் குரல் மேலே ஏறியாக வேண்டும். உச்ச ஸ்தாயியில் கணீரென்று நிற்பதற்குப் பெயர்தான் அன்றைக்குப் பாட்டு. அது ரசனை மட்டும் இல்லை, கொட்டகையின் நீள அகலக் கணக்கும்கூட.

மைக் வந்து அந்தக் கணக்கைக் கலைத்தது. இது நம் ஊரில் மட்டும் நடந்ததில்லை. அமெரிக்காவில் பிங் கிராஸ்பி போன்றவர்கள் மைக்குக்கு வெகு அருகில் நின்று, காதோடு பேசுவது மாதிரி பாட ஆரம்பித்தபோது பெரிய ரகளையே நடந்தது. 1932இல் பாஸ்டன் நகரத்துக் கர்தினால் ஓ'கானல் இந்தப் பாட்டு முறையையே கேவலம் என்று கண்டித்தார். அடித்தொண்டையில் முணுமுணுப்பது ஆண்பிள்ளைத்தனம் இல்லை என்பதுதான் பொதுவான ஏச்சு. இருபது முப்பது வருஷம் கழித்து நம் பெருசுகள் ராஜாவைப் பார்த்துச் சொன்னதும் ஏறத்தாழ அதே. "தொண்டையத் தொறந்து பாடச் சொல்லுடே."

தமிழ் சினிமாவில் 1938இல் ஏவி.எம்மின் 'நந்தகுமார்' படத்தோடு பின்னணிப் பாட்டு வந்தது. நடிப்பவர் ஒருத்தர், பாடுபவர் ஒருத்தர். அதன் பிறகு பாடகருக்குக் கடைசி பெஞ்சைப் பற்றிய கவலையே இல்லை. அவருக்கு முன்னால் இருப்பது ஒரு மைக், ஒரு கண்ணாடி. ஏ.எம்.ராஜா முழுக்க முழுக்க அந்த மைக்கின் பிள்ளை. 1929இல் சித்தூர் மாவட்டத்து ராமாபுரத்தில் பிறந்தவர், பச்சையப்பன் கல்லூரியில் பி.ஏ. படித்தவர். வானொலியில் அவர் குரலைக் கேட்டுத்தான் எஸ்.எஸ்.வாசன் கூப்பிட்டு அனுப்பினார் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். முதல் படம் ஜெமினியின் 'சம்சாரம்', 1951. நாடக மேடை அவர் கதையில் எங்குமே கிடையாது.

நடுவே ஒன்று. "அந்தக் காலத்துத் தமிழ் உச்சரிப்பு" என்று நாம் உருகும்போது ராஜா, ஜிக்கி, ஸ்ரீனிவாஸ், சுசீலா நால்வருக்கும் வீட்டு மொழி தெலுங்கு என்பதையும், டி.எம்.எஸ். மதுரை சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதையும் மனசில் வைத்துக்கொள்வது நல்லது. வந்தவர்கள்தான் ழகரத்துக்குப் பயந்து கவனமாகப் பாடினார்கள் போலிருக்கிறது.

ராஜாவின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் பார்க்க ஒரு சுலபமான வழி, ஜெமினி கணேசன் முகத்தைப் பார்ப்பது. 1955இல் 'மிஸ்ஸியம்மா'வில் அந்த முகத்துக்கு ராஜாவின் குரல். 1959இல் ஸ்ரீதர் முதன்முதலாக இயக்கிய 'கல்யாண பரிசு' படத்தில் ராஜாவே இசையமைப்பாளர், ராஜாவே பாடகர், எல்லாப் பாட்டும் பட்டுக்கோட்டையார் எழுதியது. அந்த வருஷம் அக்டோபரில் பட்டுக்கோட்டையார் இருபத்தொன்பது வயசில் செத்துப்போனார். அடுத்து 'விடிவெள்ளி', அதன் பிறகு 1961இல் 'தேன் நிலவு'. அதே 1961இல், அதே ஜெமினிக்கு, விஸ்வநாதன் ராமமூர்த்தி 'பாவ மன்னிப்பு' படத்தில் பி.பி.ஸ்ரீனிவாஸைப் பாட வைத்தார்கள். ஒரே வருஷம், ஒரே முகம், ரெண்டு குரல். ஸ்ரீதருக்கும் ராஜாவுக்கும் பிணக்கு வந்து, 1962இல் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' விஸ்வநாதன் ராமமூர்த்தி கைக்குப் போனது. 'ஆடிப்பெருக்கு' அதே வருஷம். அதோடு தமிழில் ராஜாவின் நல்ல காலம் ஏறக்குறைய முடிந்தது. அப்போது அவருக்கு முப்பத்துமூன்று வயசு. 1969இல் 'சாந்தி நிலையம்' வந்தபோது ஜெமினிக்கு மூன்றாவதாக ஒரு குரல், எஸ்.பி.பாலசுப்ரமணியம். முகம் அதேதான். 1971இல் 'ரங்கராட்டினம்' படத்துக்கு ராஜாவை மறுபடி கூப்பிட்டார்கள், 1973இல் 'வீட்டு மாப்பிள்ளை'க்கு அவர் இசையமைத்தார். அவ்வளவுதான்.

இந்தக் காலத்தில் பாவூர்சத்திரத்தில் என்ன ஒலித்துக்கொண்டிருந்தது? இங்கேதான் மைக் செட் அண்ணாச்சி ஒருவர் என் கண்ணைத் திறந்தார். கல்யாண வீடு, சடங்கு வீடு, அம்மன் கொடை எதுவானாலும் பனைமரத்திலோ மூங்கிலிலோ குழாய் கட்டி, அகூஜா ஆம்ப்ளிஃபயரோடு உட்கார்ந்திருந்தவர். எழுபது தாண்டியவர். ராஜா பாட்டெல்லாம் நிறைய போடுவீங்களா என்று கேட்டேன். சிரித்தார்.

"தம்பி, ராஜா பாட்ட குழாயில போட்டா பந்தலுக்கு வெளிய கேக்காது. கல்யாண வீட்டுக்காரன் எனக்கு ரூவா தாரது எதுக்கு? அடுத்த ஊர்க்காரனுக்குத் தெரியணும் இவன் வீட்ல விசேஷம்னு. டி.எம்.எஸ். போட்டா கீழப்பாவூர்ல கேக்கும். சீர்காழி போட்டா அதுக்கும் அங்கிட்டு கேக்கும். ராஜாவப் போட்டா, 'என்னல, மிஷின் ரிப்பேரா'ம்பான்."

இதில் சத்தியமான ஒலிப் பொறியியல் இருக்கிறது. குழாய் ஸ்பீக்கர் அடிக்குரலை விழுங்கிவிடும். அது தள்ளிக்கொண்டு போவது நடுவிலும் சற்று மேலேயும் உள்ள ஒலியைத்தான். குரலில் வெண்கல மணி மாதிரி ஒரு கணீர் இருந்தால் வயல் தாண்டியும் நிற்கும். மூச்சும் குழைவுமாக, மைக்குக்குப் பக்கத்தில் நின்று பாடிய குரல், குழாய்க்குள் போனால் கரகரப்பாக மட்டும் வெளியே வரும். ஆக, மைக் வந்து கடைசி பெஞ்சை ஒழித்தது ஸ்டூடியோவில் மட்டும்தான். தெருவில் கடைசி பெஞ்ச் இன்னும் தூரமாகப் போய்விட்டது, பக்கத்து ஊர்வரைக்கும். கிட்டப்பாவின் கணக்கே அங்கே மறுபடியும் செல்லுபடியானது. கொடை விழாவில் காலையில் சீர்காழி கோவிந்தராஜன் குரலில் பிள்ளையார், பகலில் எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாட்டு, சாயங்காலம் டி.எம்.எஸ். ஊர் பொதுவில் கேட்டது இவர்களைத்தான். இவர்கள் பெரிய கலைஞர்கள், அதில் வாதமே இல்லை. ஆனால் மென்மை என்ற சொல் இவர்களுக்குப் பொருந்தாது. அந்த நாட்களில் இரைச்சல் இல்லை என்பவர்கள், கொடைக்கு நாலு திசையில் நாலு குழாய் கட்டின ஊரில் பரீட்சைக்குப் படித்ததில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்போ ராஜாவை எப்போதுதான் போடுவீங்க என்றேன்.

"ராத்திரி பதினோரு மணிக்கு மேல. பந்தல்ல எல்லாரும் தூங்கிருவாவ. குழாய் லைன கழத்தி விட்டுட்டு, சின்னப் பெட்டிய மட்டும் பக்கத்துல வச்சு, எனக்குன்னு ஒண்ணு ரெண்டு போட்டுக்கிடுவேன்."

அண்ணாச்சியின் அந்தச் சின்னப் பெட்டி மாதிரி ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று இருந்தது, ரேடியோ. அது நம் பக்கத்தில் பெரும்பாலும் கொழும்பு. 1952இல் மந்திரியான பி.வி.கேஸ்கர் சினிமாப் பாட்டு மட்டமானது என்று நினைத்து ஆகாசவாணியில் அதை ஒடுக்கினார். ஜனம் இலங்கை வானொலிப் பக்கம் முள்ளைத் திருப்பிவிட்டது. 1957இல் விவித் பாரதி வந்ததே அந்தக் கூட்டத்தைத் திரும்பக் கூப்பிடத்தான். திருநெல்வேலி வானொலி நிலையம் 1963இல்தான் வந்தது. அதுவரைக்கும் தென்கோடி மாவட்டத்தில் பல வீடுகளுக்குத் திருச்சியைவிடக் கொழும்பு பக்கம். மன்னார் வளைகுடாவில் ஒலி அலைக்குத் தடை என்ன இருக்கிறது, தண்ணிதானே. மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீது, ராஜேஸ்வரி சண்முகம் என்று அறிவிப்பாளர் பெயர்கள்கூட இங்கே வீட்டுப் பெயர்கள். காலையில் 'பொங்கும் பூம்புனல்' வந்தால் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று அர்த்தம்.

எங்கள் அம்மா பீடி சுற்றினாள். இந்த வட்டாரத்தில் அது சொல்லவேண்டிய விஷயமே இல்லை, தெருவுக்குப் பத்து வீட்டில் தட்டு இருக்கும். மடியில் தட்டு, தட்டில் இலையும் தூளும், கத்தரி, நூல். கைக்கும் கண்ணுக்கும் வேலை. காது மட்டும் சும்மா இருக்கும். அந்தக் காதுக்குத்தான் ரேடியோ. சத்தத்தைக் கூட்டி வைத்தால் பேட்டரிக்கட்டை சீக்கிரம் தீரும், அதனால் எப்போதும் மெதுவாகத்தான் வைப்பாள். தீரப்போகிற கட்டையைக் கழற்றி வெயிலில் காயவைத்து மறுபடி போட்டால் இன்னும் ரெண்டு நாள் ஓடும். அந்த அரை உயிர்ப் பேட்டரியில், முற்றத்துக்குக்கூடக் கேட்காத சத்தத்தில் உயிரோடு நின்ற குரல்கள் ராஜாவுடையதும் ஸ்ரீனிவாஸுடையதும்தான். காதுக்குப் பக்கத்தில் பாடுவதற்கென்றே உண்டான குரலுக்குக் காதுக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்தது. மென்மை என்று நாம் இன்றைக்கு உருகுவதில் பாதி, பேட்டரி வாங்கக் காசில்லாத சிக்கனம்.

அம்மா சினிமாக் கொட்டகைக்குப் போனது கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். அவளுக்குக் குரல் தெரியும், முகம் தெரியாது. டிவி வந்த பிறகு ஜெமினி கணேசன் வாயசைப்பதைப் பார்த்துவிட்டு, "இவரா பாடுனது? இவருக்கும் அந்தக் குரலுக்கும் சம்பந்தமே இல்லையே" என்றாள். அதற்கெல்லாம் முன்னால், நான் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் ஒருநாள், தட்டை விட்டுக் கண் எடுக்காமலே கேட்டாள்: "அந்த ராஜா ஏன் இப்ப புதுப் பாட்டே பாட மாட்டேங்கான்? வேலைய விட்டு நின்னுட்டானோ?" பழைய பாட்டும் புதுப் பாட்டும் கலந்து வரும் ரேடியோவில், ஒருத்தன் மட்டும் பழசிலேயே நின்றுவிட்டதைக் கவனித்திருக்கிறாள். பத்திரிகைகளில் யாரும் கேட்காத கேள்வி. சினிமாவில் குரல்கள் வேலையை விட்டு நிற்பதில்லை, நிறுத்தப்படுகின்றன என்று அன்றைக்கு அவளுக்குச் சொல்ல எனக்கு வயசு போதாது.

மலைக்கு அந்தப் பக்கம் நிலைமை கொஞ்சம் வேறு. பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு செங்கோட்டை வழியாகக் கேரளத்துக்குப் போகிற லாரிக்காரர்கள் திரும்பும்போது மலையாளக் கேசட்டுகள் கொண்டுவருவார்கள். அதில் ராஜா இருப்பார். 1961இல் யேசுதாஸ் அங்கே பாட வந்த பிறகும் ராஜாவை அவர்கள் கைவிடவில்லை. 1962இல் 'பார்யா', 1965இல் 'குப்பிவளா', 1969இல் 'அடிமகள்' என்று தேவராஜனும் பாபுராஜும் அவருக்குப் பாட்டு கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். தமிழில் ஆள் தேவையில்லை என்று ஆகி ஏழு வருஷத்துக்குப் பிறகும். இன்றைக்கும் மலையாளிகளிடம் ராஜா பேச்சை எடுத்தால் நம்மைவிட அதிகமாகப் பேசுகிறார்கள். ஜிம் ரீவ்ஸுக்கும் இப்படித்தான். டெக்ஸாஸ்காரர், மைக்குக்கு அருகே நின்று தாழ்ந்த குரலில் பாடியவர், 1964இல் விமான விபத்தில் செத்தார். அவரைக் கேரளத்திலும் இலங்கையிலும் வீட்டு மனுஷன் மாதிரி வைத்துக் கொண்டாடுகிறார்கள்.

1963இல் விஸ்வநாதன் ராமமூர்த்திக்கு மெல்லிசை மன்னர்கள் என்று பட்டம் வந்தது. அந்த மெல்லிசை என்ற சொல் பிறகு கோவில் திடலுக்கு வந்து சேர்ந்தது. கொடைக்கு மெல்லிசைக் கச்சேரி வைப்பது வழக்கமாயிற்று. வருஷத்திலேயே ஊர் அதிரும் ராத்திரிக்குப் பெயர் மெல்லிசை! டிரம்ஸ், கிதார், எக்கோ. அதில் இரவு ரெண்டு மணிவாக்கில், கூட்டம் கொஞ்சம் கலைந்த பிறகு, "இப்போது பழைய பாடல் பிரியர்களுக்காக" என்று சொல்லி ஒரு ராஜா ஜிக்கி ஜோடிப் பாட்டு வரும். பாடுகிற பையன் ராஜா மாதிரியே குழைவான். விசில் அடிக்க ஆள் இருக்காது. முன்வரிசையில் நாலைந்து வயசானவர்கள் தலையை ஆட்டிக்கொண்டிருப்பார்கள்.

அசல் ராஜாவும் அந்த வட்டத்துக்குள்தான் வந்து சேர்ந்திருந்தார். சினிமா கைவிட்ட பிறகு அவரும் ஜிக்கியும் மேடைக் கச்சேரிகள் செய்தார்கள். 1989 ஏப்ரல், அதாவது பங்குனி, தென்கோடி ஊர்களுக்குத் திருவிழாக் காலம். கன்னியாகுமரி மாவட்டத்துக் கோவில் ஒன்றில் நிகழ்ச்சி. குழுவினரோடு ரயிலில் போகும் வழியில், வள்ளியூர் ஸ்டேஷனில், நகரத் தொடங்கிய வண்டியில் ஏறப் போய்த் தவறி விழுந்து செத்தார். ஐம்பத்தொன்பது வயசு. வள்ளியூர் நமக்குத் தூரமில்லை, திருநெல்வேலி போய் நாகர்கோவில் ரோட்டைப் பிடித்தால் வந்துவிடும். அந்த ரயில் பாதையே 1981இல் வந்ததுதான்.

கிட்டப்பா பிறந்த செங்கோட்டையும் ராஜா செத்த வள்ளியூரும் நான் சிறுவனாக இருந்தபோது ஒரே மாவட்டம், பழைய திருநெல்வேலி. உரத்த குரலின் பிறப்பும் தாழ்ந்த குரலின் சாவும் ஒரே ஜில்லாவில் நடந்திருக்கிறது. செங்கோட்டைக்காரர்கள் கிட்டப்பாவை எங்க ஊர்க்காரர் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். ராஜா நம் மண்ணில் செத்தார் என்பதை நான் பேசிய மைக் செட்காரர்களில்கூட ரெண்டு பேர்தான் சொன்னார்கள். அம்மாவிடம் அந்தச் செய்தியைப் பேப்பர் பார்த்து வாசித்துக் காட்டியது நான்தான். கொஞ்ச நேரம் சுற்றுவதை நிறுத்தினாள். "நம்ம பக்கத்துக்கா வந்தான்? தெரிஞ்சிருந்தா போயிருக்கலாமே" என்றாள். கச்சேரிக்கு என்று தன் வாழ்நாளில் எங்கும் போகாதவள்.

அதே 1989இல்தான் கே.எஸ்.ராஜாவைக் கொழும்பில் கொன்றார்கள். நம் வீடுகளுக்கு ராஜாவின் பாட்டைக் கொண்டுவந்த குரலும் பாட்டைப் பாடிய குரலும் ஒரே வருஷத்தில் போயின. யுத்தத்தில் கொழும்பு ஒலிபரப்பு எங்களுக்குத் தேய்ந்துகொண்டே வந்தது. பாவூர்சத்திரத்தில் அதற்குள் பாட்டுப் பதிவு செய்து தரும் கேசட் கடைகள் வந்துவிட்டன. சீட்டில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால் அறுபது நிமிஷக் கேசட்டில் ஏற்றித் தருவார்கள். அப்படி ஒரு கடையை நடத்தியவர் சொன்னார், ராஜா, ஸ்ரீனிவாஸ் கேட்டு வந்தவர்கள் முக்கால்வாசி வெளிநாடு போகிறவர்கள். துபாய்க்கும் சவுதிக்கும் கிளம்பும் முன்னால் சீட்டைக் கொடுப்பார்களாம். பட்டியலைப் பார்த்தால் அவர்கள் பிறப்பதற்கு முன்னால் வந்த படங்களாக இருக்கும். "இதெல்லாம் நீ கேட்டுருக்கியாடே" என்று கேட்டால், "அம்மா கேப்பா அண்ணாச்சி" என்பார்களாம்.

பி.பி.ஸ்ரீனிவாஸுக்குக் கடைசிக் காலம் வேறு மாதிரி அமைந்தது. சென்னை உட்லண்ட்ஸ் டிரைவ் இன்னில் சட்டைப் பையில் கலர் கலராகப் பேனாவோடு உட்கார்ந்து எட்டு மொழியில் கவிதை எழுதிக்கொண்டிருந்தார். 2008இல் அந்த ஹோட்டலையும் மூடினார்கள், அவர் 2013 ஏப்ரலில் காலமானார். ஜிக்கி 2004இல். இருவர் சாவுக்கும் பத்திரிகைகளில் நிறைய இடம் கிடைத்தது, பழைய பாட்டு ஏக்கம் அப்போது டிவியில் நல்ல வியாபாரமாகிவிட்டிருந்தது.

மைக் செட் அண்ணாச்சியிடம் பழைய 78 சுழற்சி ரெக்கார்டுகள் ஒரு தகரப் பெட்டி நிறைய இருந்தன. பார்க்கப் போனபோது ஒரு வித்தியாசம் தெரிந்தது. டி.எம்.எஸ்., சீர்காழி ரெக்கார்டுகள் தேய்ந்து வெளுத்துப் போயிருந்தன, சிலது கீறல் விழுந்து ஒரே இடத்தில் சுற்றும். ராஜா ரெக்கார்டுகள் கறுப்பாக, பளபளவென்று, புதுசு போல இருந்தன. இப்போது வாங்க வருகிறவர்கள் அதற்குத்தான் கூடுதல் விலை தருகிறார்களாம்.

1970, 80களின் கொடை நோட்டீஸ்களைச் சேர்த்து வருகிறேன். மஞ்சள் தாளில், மேலே அம்மன் படம், கீழே "இன்னிசை நிகழ்ச்சி" என்று போட்டுப் பாடகர் பெயர் இருக்கும். தென்காசி, சங்கரன்கோவில், வள்ளியூர், நாகர்கோவில் பக்கத்து வீடுகளில் பரணில், டிரங்குப் பெட்டியில், பழைய ஜாதகக் கட்டோடு சேர்ந்து ஏதாவது கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.